இதில் மாடு இல்லை

எனக்கு மூக்கு கொஞ்சம் கூர்மை. நாலு வீடு தள்ளி யார் அடுப்பில் கருவாடு வறுபடுகிறது என்று இங்கிருந்தே சொல்லிவிடுவேன். வீட்டில் இதற்குக் கேலிதான் மிச்சம். தொண்ணூறுகளின் நடுவில், செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனையின் லேபில் டெக்னீஷியனாகச் சேர்ந்த பிறகுதான் என் மூக்குக்கு மரியாதை வந்தது. அந்த மரியாதைதான் என்னைக் கவிழ்த்தது.

நான் வேலை பார்த்த அறைக்குக் கல்ச்சர் ரூம் என்று பெயர். காய்ச்சல்காரர்களின் ரத்தம், புண்ணிலிருந்து எடுத்த சீழ், சளி, சிறுநீர் எது வந்தாலும் அதில் ஒரு துளியை, ஆட்டு ரத்தம் கலந்து உறையவைத்த தட்டின்மேல் கோடு கோடாக இழுப்போம். உடம்புச் சூட்டில் இருக்கும் பெட்டிக்குள் வைத்துவிட்டு மறுநாள் எடுத்தால் கிருமிகள் புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். என்ன கிருமி என்று கண்டுபிடிக்க எத்தனையோ சோதனைகள் உண்டு. எங்கள் லேபில் முதல் சோதனை மூக்குதான். தட்டின் மூடியை லேசாகத் தூக்கி, ஒரு தரம் இழுத்து முகர்ந்துவிட்டு மூட வேண்டும். திராட்சை வாசனை அடித்தால் ஒரு கிருமி, அழுகின மீன் வீச்சம் அடித்தால் இன்னொன்று, சர்க்கரைப் பாகு மாதிரி இனித்தால் வேறொன்று. யாரும் இதைப் பாடமாக நடத்தியதில்லை. எல்லோரும் செய்தார்கள், நானும் செய்தேன். கொதிக்கிற குழம்பின் மூடியைத் தூக்கி, உப்பு போட்டோமா என்று மோந்து பார்க்கிற மாதிரி அது கைப்பழக்கமாகிவிட்டது.

லேபின் தலைமை டாக்டருக்கு என் மூக்கு என்றால் ஒரே குஷி. காலையில் நான் உள்ளே நுழைந்ததும், "என் மெஷின் வந்தாச்சு" என்பார். வெளியிலிருந்து மாணவர்கள் வந்தால் என்னைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லித் தட்டுகளை ஒவ்வொன்றாக நீட்டுவார். நான் பெயர் சொல்லச் சொல்ல அவர்கள் கைதட்டுவார்கள். படாளத்திலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து வேலை செய்கிற ஒரு பெண்ணுக்கு அது போதாதா? தலைகால் புரியவில்லை. எங்கள் டாக்டர் மாதிரி ஒரு மனிதர் உண்டா என்று அம்மாவிடம் தினமும் அவர் புராணம்தான். இப்போது நினைத்தால் எனக்கே என்மேல் எரிச்சலாக வருகிறது.

அந்த அறையில் என்னோடு இன்னொருத்தியும் வேலை பார்த்தாள். கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலில் வருவாள். என் வயசுதான், என்னைவிட வாய் அதிகம். மத்தியானம் இருவரும் ஒரே இடத்தில் டப்பாவைத் திறப்போம். அவள் வீட்டு வத்தக்குழம்பு எனக்கு, என் அம்மா கொடுத்தனுப்பும் தயிர் அவளுக்கு. ஒரு நாள் தயிர் வரவில்லை என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அவளைத் தோழி என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. இப்போது அந்த வார்த்தை வாயில் லேசில் வர மாட்டேன் என்கிறது, வேறு வார்த்தை இல்லாததால் அப்படியே சொல்கிறேன்.

அந்தத் தயிர் எங்கள் வீட்டு மாட்டுத் தயிர். செவலைப் பசு, நெற்றியில் வெள்ளையாக ஒரு தீற்று. அப்பா போன பிறகு வீட்டைத் தூக்கி நிறுத்தியது அதுதான். எங்கள் தெருவில் பாதி வீட்டுக்கு அம்மாதான் பால் ஊற்றுவாள். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கு அவள் ஊற்றும் பால்தான். பால் விஷயத்தில் அம்மாவுக்கு ஒரு கர்வமும் உண்டு. அடுப்பில் பால் பொங்கி விளிம்புக்கு ஏறும், சரியாக அந்த நொடியில் இறக்குவாள். வழிந்ததும் இல்லை, அடிப்பிடித்ததும் இல்லை. அவளுடைய கெட்டிக்காரத்தனம் எல்லாம் அந்த முதல் கொதியில்தான் இருந்தது.

ஒரு நாள், வெகுநாளாகக் காய்ச்சலில் கிடந்த ஆட்டு வியாபாரி ஒருவரின் ரத்தத்தை வைத்த தட்டை எடுத்தேன். வழக்கமாக மறுநாளே முளைக்க வேண்டியது, சில நாள் கழித்துத்தான் முளைத்திருந்தது. ரொம்பச் சின்னச் சின்னப் புள்ளிகள். மூடியைத் தூக்கி முகர்ந்தேன். ஒன்றுமே இல்லை. என் மூக்குக்கு அது ஒரு அவமானம் இல்லையா? இன்னும் கிட்டே கொண்டுபோய், மூச்சை நன்றாக இழுத்து முகர்ந்தேன். அப்போதும் ஒன்றும் இல்லை. டாக்டரிடம் கொண்டுபோனேன்.

"சார், இதுக்கு வாசனையே இல்ல சார்."

வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூடியைத் திறக்கவில்லை. மேஜை டிராயரிலிருந்து பிளாஸ்திரியை எடுத்துத் தட்டைச் சுற்றி ஒட்டினார்.

"கன்டாமினேஷன்மா. தூசு விழுந்திருக்கு. விடு, நான் பாத்துக்கறேன்."

கன்டாமினேஷன் என்றால் நோயாளியின் ரத்தத்தில் இல்லாத ஏதோ காற்றிலிருந்து வந்து விழுந்து முளைத்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் லேபில் வாரத்துக்குச் சில தட்டுகள் அப்படிப் போகும், குப்பைக்கு அனுப்புவோம். தூசுக்கு எதற்குப் பிளாஸ்திரி என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் அடுத்த தட்டை எடுத்து முகரப் போய்விட்டேன். அதே வாரத்தில் என் தோழி ஏதோ கெமிக்கல் வாங்க என்று ஒரு நாள் சென்னைக்குப் போய் வந்தாள். அதுவும் எங்களுக்கு வழக்கம்தான்.

சில வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தது. காலையில் ஒன்றும் இருக்காது, எழுந்து வேலைக்குப் போய்விடுவேன். சாயங்காலமானால் ரயில் நேரம் தவறாமல் வருவது மாதிரி வந்துவிடும். குளிரும், பிறகு வியர்த்து ஊற்றும். உடுத்தியிருந்ததைப் பிழியலாம். அந்த வியர்வையில் ஒரு வாசனை வந்தது, மழையில் நனைந்த வைக்கோல் வாசனை. என் மூக்கு பொய் சொல்லாது. மாட்டுக்கொட்டகை வாசனை என்மேலேயே அடிக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். பிறகு இடுப்பில் வலி பிடித்தது. பஸ் படியில் கால் வைக்க முடியவில்லை. மலேரியா என்று மாத்திரை கொடுத்தார்கள், டைபாய்டு என்று ஊசி போட்டார்கள். ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் எங்கள் மருத்துவமனை வார்டிலேயே படுத்தேன்.

டாக்டர் பார்க்க வந்தார். நாடியைக்கூடப் பிடிக்கவில்லை. கட்டில் ஓரமாக நின்று, "புரூசெல்லாவுக்கு ரத்தம் எடுங்க" என்று நர்ஸிடம் சொன்னார். அது ஆடு மாட்டிலிருந்து மனிதனுக்கு வருகிற கிருமி. நான் அதைப் பரீட்சைக்காகப் படித்ததோடு சரி. ரிசல்ட் வந்தது, அதேதான். மற்றவர்கள் எல்லாம் தடுமாறிக்கொண்டிருக்க, பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டாரே, என்ன ஒரு மூளை இந்த மனிதருக்கு என்று படுக்கையில் கிடந்தபடியே உருகிப்போனேன்.

அன்றைக்கு அம்மா என் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் அவளிடம் ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார்.

"வீட்டுல மாடு இருக்குல்லம்மா?"

"கீதுங்க சார். ஒண்ணே ஒண்ணு."

"அந்தப் பாலைத்தான் பொண்ணு குடிக்குதா?"

"அத்தத்தாங்க குடிக்கிது. வேற பாலு இன்னாத்துக்கு?"

"காய்ச்சாம குடுப்பீங்களா?"

"ஐயே, பச்சப்பாலு எப்டிங்க சார் குடுக்கறது? காய்ச்சிதான் குடுப்பேன்."

டாக்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. குழந்தையின் பொய்யைக் கண்டுபிடித்துவிட்டு மன்னிக்கிறவர் சிரிப்பு.

"ஒரு நாளாவது விட்டுப்போயிருக்கும்மா. அவசரத்துல நமக்கே தெரியாது. நல்லா யோசிச்சுப் பாருங்க."

அம்மா யோசித்தாள். அன்றைக்கு ஆரம்பித்த யோசனை.

மாட்டின் ரத்தத்தையும் டெஸ்ட் செய்து பார்க்கலாமா சார் என்று நான் கேட்டேன். "எதுக்கும்மா? தெரிஞ்ச விஷயம்தானே" என்றார். அதே பாலைத்தானே அம்மாவும் குடிக்கிறாள், அவளுக்கு ஏன் ஒன்றும் வரவில்லை என்று கேட்டேன். உடம்புவாகு என்றார். நீ படித்தவள்தானே, லேபில் இருந்தவள்தானே, உனக்குச் சந்தேகம் வரவில்லையா என்று பிற்பாடு சிலர் என்னைக் கேட்டார்கள். காய்ச்சலோடு படுத்திருக்கிறேன், என்னைக் காப்பாற்றுகிற மனிதர் சொல்கிறார். நான் எதற்குச் சந்தேகப்பட வேண்டும்? சந்தேகப்பட வேண்டிய அளவுக்கு நடந்துகொண்டவர் அல்லவா இதற்குப் பதில் சொல்ல வேண்டும்?

மருந்து மாதக்கணக்கில் போயிற்று. சிறுநீர் செந்நிறமாகப் போகும், கண்ணீர்கூட நிறம் மாறும் மாத்திரை. டி.பி.க்குக் கொடுக்கிற மாத்திரை என்று எவரோ கண்டுபிடித்துச் சொல்லி, தெருவில் அதற்கும் ஒரு கதை கட்டினார்கள். ஆனால் பெரிய அடி அம்மாவுக்குத்தான். அவள் பால்தான் பெற்ற பெண்ணையே படுக்கவைத்துவிட்டது என்று பேச்சு பரவியது. ஒவ்வொரு வீடாகச் சொம்பை உள்ளே எடுத்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள். குழந்தைக்கு ஒன்றும் இல்லை. அதற்கப்புறமும் அவள் அம்மாவோடு சகஜமாகப் பேசவில்லை.

நான் வீட்டுக்கு வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை தோழி பார்க்க வந்தாள். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிவந்திருந்தாள். வாசலில் மாடு கட்டியிருந்தது. அதன் கழுத்தைத் தடவிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ஏம் பாலுதாம்மா எம் பொண்ண இப்டி சாச்சிடுச்சி. நீயும் அந்தத் தயிரத்தான துன்ன. ஒனுக்கு ஒண்ணும் இல்லியே? எதுனா காய்ச்சலு கீய்ச்சலு வந்துதா?"

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நான் நல்லாத்தான் இருக்கேன்."

அவ்வளவுதான் சொன்னாள். வாய் ஓயாதவள் அன்றைக்கு வார்த்தையை எண்ணிப் பேசினாள். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துகொண்டாள். என்னிடமிருந்து ஒட்டிக்கொள்ளுமோ என்று பயப்படுகிறாள் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்தேன். பாவமாம்.

மாட்டை வாங்க ஆள் கிடைக்கவில்லை. நோய் மாடு என்று சுற்றுவட்டாரத்துக்கே தெரிந்துவிட்டது. கடைசியில் அடிமாடு வாங்குகிறவன்தான் டெம்போவோடு வந்தான். வெள்ளிக்கிழமை தவறாமல் நெற்றியில் மஞ்சள் குங்குமம் வைத்த மாட்டை அம்மா அவன் கையில் பிடித்துக்கொடுத்தாள். அது ஏற மாட்டேன் என்று காலை ஊன்றிக்கொண்டது. அம்மா முன்னால் போய்க் கூப்பிட்டாள். அவள் குரலுக்கு ஏறியது. அன்று இரண்டு வேளையும் வீட்டில் உலை வைக்கவில்லை. நான் காய்ச்சலில் படுத்தபடி சன்னல் வழியாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உடம்பு தேறித் திரும்ப வேலைக்குப் போனபோது கல்ச்சர் ரூமில் புதிதாக ஒரு பெட்டி வந்திருந்தது. முன்னால் கண்ணாடி, உள்ளே காற்றை உறிஞ்சுகிற விசிறி. தட்டை அதற்குள் வைத்துத்தான் திறக்க வேண்டும் என்று ஏற்பாடு. சுவரில் ஒரு போர்டு: தட்டுகளை முகரக் கூடாது.

"இன்னாடி இது புதுசா?" என்று தோழியைக் கேட்டேன்.

"இன்ஸ்பெக்ஷன் வருதுல்ல, அதுக்கு" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

எனக்கு அந்த அறைக்குள் இனி வேலை இல்லை என்றார்கள். முன்பக்கம் ரத்தம் எடுக்கிற கவுன்டரில் போட்டார்கள். வார்டு பையன்கள் 'பால்காரி' என்று பெயர் வைத்தார்கள். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன், வேறென்ன செய்ய? கொஞ்ச நாளில் அங்கிருந்து வெளியேறி, ஊர் ஊராக லேப் மாறி, கடைசியில் சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களுக்கு உடல் பரிசோதனை செய்கிற ஒரு லேபில் சூப்பர்வைசராக வந்து நின்றேன். அந்தப் பிள்ளைகளுக்குச் சர்க்கரையும் கொழுப்பும் பார்ப்பதுதான் வேலை. எதையும் முகர வேண்டியதில்லை.

அம்மா அதற்கப்புறம் மாடு வாங்கவே இல்லை. பாக்கெட் பால்தான். அதையும் விடமாட்டாள். பொங்கப் பொங்க அடுப்பைக் குறைத்துக் குறைத்து, பால் சுண்டி, நிறம் மாறி, அடிப்பிடித்து நாறும்வரை காய்ச்சுவாள். நான் லீவுக்குப் போகும்போதெல்லாம் அந்தத் தீய்ந்த பாலில்தான் காபி. என் மூக்குக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒன்றும் சொல்லாமல் குடித்துவிடுவேன்.

பத்து வருஷம் போல ஆகியிருக்கும். லேபில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி, மாமல்லபுரத்தில், கடலோர ஹோட்டலில் என்று எங்கள் முதலாளி என்னை அனுப்பினார். ஏசி ஹால், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் சவுக்குத் தோப்பு, அதற்கப்பால் கடல். ஆளுக்கொரு பையும் பேனாவும் கொடுத்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு மீன் உண்டா என்று பேசிக்கொண்டிருந்தோம். முதல் பேச்சாளர் மேடை ஏறினார். எங்கள் டாக்டர்.

தலை முழுக்க நரைத்திருந்தது. எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. பேச்சு முடிந்ததும் போய் வணக்கம் சொல்ல வேண்டும், என்னை அடையாளம் தெரிகிறதா பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். லேபில் வேலை செய்கிறவர்களுக்கு லேபிலிருந்தே வருகிற தொற்றுகள் பற்றித்தான் பேச்சு.

"ஒரு கதை சொல்றேன்" என்று ஆரம்பித்தார். "நம்ம லேப்லயே நடந்தது. ஒரு பொண்ணு, டெக்னீஷியன். ரொம்ப சமர்த்து. பாவம், மூக்கு மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி."

ஹால் சிரித்தது. நானும் சிரித்தேன். என்னைத்தான் சொல்கிறார், ஏதோ நல்லதாகச் சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"ஒரு ஆட்டு வியாபாரியோட பிளேட். இந்தப் பொண்ணு அதைக் கன்டாமினேஷன்னு நெனச்சு நல்லா மோந்து பாத்துட்டு என்கிட்ட கொண்டு வரா. எனக்குப் பாத்ததுமே சந்தேகம். சீல் பண்ணி சென்னைக்கு அனுப்பினேன். புரூசெல்லா! மூச்சோடயே உள்ள போயிடற கிருமி. நான் எதிர்பார்த்துக்கிட்டே இருந்தேன். சொல்லி வெச்ச மாதிரி பொண்ணு காய்ச்சல்ல படுத்தா. நாங்க தயாரா இருந்ததால உடனே கண்டுபிடிச்சோம். முழுக்க குணம்."

திரையில் ஒரு எக்ஸ்ரே வந்தது. "இது அவளோட இடுப்பு."

அந்த இடுப்பு அப்போது மூன்றாவது வரிசையில், மெத்தை வைத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. ஏசிக் குளிரில் வலித்துக்கொண்டும் இருந்தது. முழுக்க குணமாம்.

முதலில் எனக்கு ஒன்றும் ஏறவில்லை. கன்டாமினேஷன் என்று சொன்னது நானா? அவர் அல்லவா? அதற்கப்புறம்தான் ஒவ்வொன்றாக இறங்கியது. பிளாஸ்திரி. நாடி பார்க்காமலே எடுக்கச் சொன்ன ரத்தம். புதுப் பெட்டி. முகரக் கூடாது என்கிற போர்டு. இந்த மனிதருக்கு நான் படுப்பதற்கு முன்பே தெரியும். தெரிந்துகொண்டே என் கட்டில் பக்கத்தில் நின்று, என் அம்மாவைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கொடுத்த பேனாவை உடைத்துவிட்டேன் என்பதே கையெல்லாம் மையான பிறகுதான் தெரிந்தது.

கேள்வி நேரம் என்று மைக்கை வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். கை நீட்டி வாங்கினேன்.

"சார், அந்தப் பொண்ணு வீட்டு மாடு என்ன ஆச்சு?"

"மாடா?" அவர் புருவத்தைச் சுருக்கினார். பிறகு எல்லோருக்குமாகச் சிரித்தார். "இதுல மாடு இல்லம்மா. நீங்க வேற ஏதோ கேஸோட கொழப்பிக்கறீங்க. இது சுத்தமா லேப்ல வந்தது. அதுதான் பாயின்ட்டே."

பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒருத்தி என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"இருந்துச்சு சார்" என்றேன். குரல் மைக்கில் எனக்கே பெரிதாகக் கேட்டது. "செவலை மாடு. படாளத்துல. நீங்கதான் சார் எங்க அம்மாகிட்ட சொன்னீங்க, ஒரு நாளாவது விட்டுப்போயிருக்கும்னு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். என்னை அப்போதுதான் பார்த்தார். ஹாலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. நிகழ்ச்சி நடத்துகிறவர் அவசரமாக எழுந்து, நேரமாகிவிட்டது, எல்லோரும் டீ சாப்பிடலாம் என்றார்.

டீ மேஜைக்கு அவரே என்னைத் தேடி வந்தார். கையில் பிஸ்கட் தட்டு.

"நல்லா இருக்கியாம்மா? எங்க வேலை பாக்கறே?"

நான் கையில் ஒட்டியிருந்த மையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்போ நிலைமை அப்படிம்மா. புதுக் கட்டடம் திறக்கற நேரம். லேப்ல இருந்து நோய் வந்ததுன்னு வெளியில தெரிஞ்சா லேபையே மூடியிருப்பாங்க. எத்தனை பேர் பொழப்பு, யோசிச்சுப் பாரு. உன் வைத்தியத்துல ஏதாவது கொறை வெச்சேனா, சொல்லு?"

குறை வைக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மருந்தில் ஒரு வேளை தவறவிட்டிருந்தால்கூட நிம்மதியாக இவரை வெறுத்துவிட்டுப் போயிருப்பேன்.

"எங்க அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்."

"உன் பிரண்டு சொல்லியிருப்பான்னு இல்ல நெனச்சேன்? அவதானே சென்னைக்குக் கொண்டுபோனா, ரிசல்ட்டையும் அவதானே வாங்கிட்டு வந்தா. சொல்லலையா?"

அப்போதுதான் அது விழுந்தது. மாட்டின் கழுத்தைத் தடவிக் கொடுத்த கை. எனக்கு ஒண்ணும் இல்லம்மா. டாக்டர் சொன்னதெல்லாம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

"இப்பவாவது படாளத்துக்கு வந்து சொல்றீங்களா சார்? நீங்க சொன்னாத்தான் எங்க தெருவுல நம்புவாங்க."

"பழசையெல்லாம் எதுக்கும்மா கிளறிக்கிட்டு" என்றார், மெதுவாக, ரொம்ப அன்பாக. "சொன்னா மட்டும் மாடு திரும்பி வரப்போகுதா? உன் கதையால எத்தனை லேப்ல பிள்ளைங்க தட்டை மோந்து பாக்கறதை நிறுத்தியிருக்காங்க தெரியுமா? நீ பெருமைப்படணும்."

கொடுத்த பையை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன். மீன் சாப்பாடு வாசனை வந்தது. கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு பஸ், அங்கிருந்து மதுராந்தகம் பஸ். வழியெல்லாம் தோழியை நினைத்துக்கொண்டே வந்தேன். அவள் கல்யாணமாகிக் கோயம்புத்தூர்ப் பக்கம் போய்விட்டாள். போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. இன்றுவரை கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன கேட்பது, தயிர் நன்றாக இருந்ததா என்றா?

படாளத்தில் இறங்கும்போது வெயில் தாழ்ந்திருந்தது. அம்மா அடுப்பில் பாலை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

சமையலறை வாசலிலேயே உட்கார்ந்து சொன்னேன். ஆட்டு வியாபாரி, தட்டு, பிளாஸ்திரி, மேடை எல்லாவற்றையும் சொன்னேன். தோழி சென்னைக்குப் போய் வந்ததைச் சொல்லும்போது மட்டும் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லி முடித்தேன்.

"அந்த டாக்டரா சொன்னாரு? அவுரேவா?"

"அவரேதாம்மா."

"எல்லாரு எதிர்லயும் நின்னுகினு?"

"ஆமா."

"நம்ம மாடு இல்லன்னு?"

"நம்ம மாடு இல்லன்னு."

அம்மா முந்தானையால் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

"ஆடிக் கிருத்திகைக்குக் கோயிலுக்குப் போற அவசரத்துல வுட்டுட்டனோன்னு நெனச்சேன். இல்லாங்காட்டி கிருஷ்ணாயிலு தீந்துபோச்சே, அன்னிக்கா இருக்குமோன்னு. மாமன் செத்துப்போன அன்னிக்கோ. இத்தினி வருசமா அந்த ஒரு நாள தேடிகினே கீறேன்டி. கெடைக்கவே இல்ல. கெடைக்காதப்பகூட, எனுக்குத்தான் மறந்துபோச்சின்னு நெனச்சிகினேன்."

அம்மா அழவில்லை. தெருப்பக்கம் பார்த்துக்கொண்டு, எதிரில் யாரோ நிற்பது மாதிரி, கொஞ்சம் உரக்கவே சொன்னாள்.

"வுட்டுப்போவலிங்க சார். ஒரு நாளும் வுட்டுப்போவல."

பின்னால் பால் பொங்கி விளிம்புக்கு ஏறியது. அம்மா திரும்பி, அந்த முதல் கொதியிலேயே இறக்கிவைத்தாள்.